ஸ்லீப் ஆப்னியா சிகிச்சை: மருத்துவர், கருவி வழங்குநர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் நோயாளி கையாள்வது எப்படி?

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடையில் பெரும்பான்மையானது அடைப்பு வகையைச் சேர்ந்தது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது; இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது; மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது; இதுவே இரவு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. முகத்தில் அணியும் மாஸ்க்கின் வழியாகச் சீரான காற்றழுத்தத்தைச் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-இல் வெளியிட்டனர். இன்றளவும் அதுவே முதன்மைச் சிகிச்சை.

சிகிச்சையின் தத்துவம் இவ்வளவு எளிதாக இருந்தும், பலர் அதைப் பாதியில் கைவிடுவதற்கு நோயைவிட நடைமுறையே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். நோயைக் கண்டறிபவர் மருத்துவர். கருவியைத் தருபவர் வழங்குநர். பணம் செலுத்துவது காப்பீட்டு நிறுவனம். இம்மூவரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்வது அரிது. மருத்துவர் அனுப்பிவிட்டதாகச் சொல்லும் தாள் வழங்குநரிடம் வந்து சேர்ந்திருக்காது. வழங்குநர் சமர்ப்பித்ததாகச் சொல்லும் விண்ணப்பம் காப்பீட்டு நிறுவனத்தில் பதிவாகியிருக்காது. முழுக் கோப்பையும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்க்கக்கூடியவர் நோயாளி ஒருவரே. ஆகவே சோதனை அறிக்கை, பரிந்துரைச் சீட்டு, ஒப்பந்தம், ரசீது, கருவியின் தரவு என எதுவாக இருந்தாலும் அதன் ஒரு படி உங்களிடம் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் வழிமுறைகள் பெரும்பாலும் இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

முதல் சந்திப்பில் குறட்டையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவருவது போதாது. பகலில் அடக்க முடியாத உறக்கம், காலையில் தலைவலி, இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுதல், மூச்சுத்திணறி விழித்தல், கவனக்குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றில் எவை உங்களுக்கு உள்ளன என்பதை எழுதி எடுத்துச்செல்லுங்கள். உயர் இரத்த அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு, பக்கவாதம் போன்றவை இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அருகில் உறங்குபவர், மூச்சு நின்று மீண்டும் தொடங்குவதைக் கண்டிருந்தால் அவருடைய சாட்சியம் மிகவும் பயன்படும். கைபேசியில் எடுத்த சிறிய காணொளி அதைவிடவும் பயன்படும்.

இவற்றைச் சொல்வதோடு, மருத்துவர் அவற்றைக் குறிப்பில் எழுதினாரா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் உங்களைப் பார்க்கப்போவதில்லை. அந்தக் குறிப்பைத்தான் படிக்கப்போகிறார். நோயின் அளவு இலேசானதாக இருந்தால், அறிகுறியோ துணைநோயோ பதிவாகியிருப்பதைப் பொறுத்தே அனுமதி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அமையலாம். எப்வொர்த் உறக்க அளவுகோல் என்ற 8 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. மொத்தம் 24 மதிப்பெண்ணில் 10-க்கு மேல் பெற்றால் பகல் உறக்கம் மிகையாக உள்ளது என்று பொருள். அதை நிரப்பிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பிறகு அதே படிவத்தை மீண்டும் நிரப்பினால், முன்னேற்றத்துக்கு எண் வடிவிலான சான்றும் கிடைத்துவிடும்.

வாகனம் ஓட்டும்போது உங்களுக்குக் கண் அயர்கிறது என்றால், சிகிச்சை பலனளிக்கும்வரை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சோதனையும் அதன் அறிக்கையும்

சோதனை இருவகைப்படும். ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும் சோதனையில் மூளை அலை, கண் அசைவு, தசை இயக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத்துடிப்பு ஆகிய அனைத்தும் பதிவாகின்றன. வீட்டிலேயே செய்யும் சோதனையில் பொதுவாக மூச்சோட்டம், மார்பின் அசைவு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு ஆகியவை மட்டுமே பதிவாகும். வீட்டுச் சோதனை எளியது, செலவு குறைந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பல அதையே முதலில் செய்யச் சொல்கின்றன. ஆனால் மூளை அலையைப் பதியாத வகைகளில், நீங்கள் எப்போது உண்மையில் உறங்கினீர்கள் என்பது தெரியாது. விழித்துப் படுத்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் நோயின் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும். அறிகுறிகள் தெளிவாக இருந்தும் வீட்டுச் சோதனையில் நோய் இல்லை என்று முடிவு வந்தால், ஆய்வகச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நியாயமான கோரிக்கையே. உறக்க மருத்துவ வழிகாட்டு நெறிகளும் அவ்வாறே சொல்கின்றன. இதயச் செயலிழப்பு, கடுமையான நுரையீரல் நோய், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளின் தொடர் பயன்பாடு ஆகியவை உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஆய்வகச் சோதனைதான் பொருத்தமானது.

அறிக்கை வந்ததும் “உங்களுக்கு ஆப்னியா இருக்கிறது” என்ற ஒற்றை வரியோடு நிறைவடையாமல் முழு அறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஏ.எச்.ஐ. என்ற எண். ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ முற்றிலும் நின்ற தடவைகளும், கணிசமாகக் குறைந்த தடவைகளும் சேர்ந்த கூட்டுச் சராசரி அது. 5 முதல் 15-க்குள் இலேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரமானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது எனப் பகுக்கப்படுகிறது. மூச்சுக் குறைவை எண்ணுவதில் இரண்டு அளவைகள் வழக்கத்தில் உள்ளன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆக்சிஜன் 3 சதவீதம் குறைந்தாலோ மூளை விழிப்படைந்தாலோ எண்ணுவது ஒன்று. 4 சதவீதம் குறைந்தால் மட்டுமே எண்ணுவது மற்றொன்று. ஒரே இரவின் பதிவே முதல் அளவையில் கூடுதலான எண்ணையும் இரண்டாவதில் குறைவான எண்ணையும் தரலாம். உங்கள் காப்பீடு எந்த அளவையை ஏற்கிறது, அறிக்கை எந்த அளவையில் எழுதப்பட்டுள்ளது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

ஆக்சிஜன் எவ்வளவு தாழ்ந்தது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் நின்றது, மல்லாந்து படுத்தபோது எண் எவ்வளவு உயர்ந்தது, நிகழ்வுகளில் எத்தனை அடைப்பினால் வந்தவை, எத்தனை மூளை மூச்சுக்குக் கட்டளையிடத் தவறியதால் வந்த மைய வகையைச் சேர்ந்தவை என்பனவும் அறிக்கையில் இருக்கும். மைய வகை அதிகமாக இருந்தால் சிகிச்சையின் பாதையே மாறிவிடும் என்பதால், அதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டறியுங்கள்.

பரிந்துரைச் சீட்டு

கருவியின் வகை, அழுத்த அளவு அல்லது அழுத்த எல்லை, ஈரப்பதமூட்டி, சூடேற்றும் குழாய், மாஸ்க் ஆகியவையும் நோயின் பெயரும் தேவைப்படும் காலமும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் இயங்குவது சிபாப்; தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தை ஏற்றியிறக்குவது தானியங்கி வகை; மூச்சை உள்ளிழுக்க ஓர் அழுத்தமும் வெளிவிட ஓர் அழுத்தமும் தருவது பைபாப். சிபாப் கருவிகள் வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம்வரை தரும்.

என் கருத்தில், சீட்டில் மாஸ்க்கின் பெயரைக் குறிப்பிட்டுப் பூட்டிவிடாமல் “நோயாளிக்குப் பொருந்தும் மாஸ்க்” என்று எழுதிப் பெறுவது நல்லது. ஒரு மாஸ்க் பொருந்தாமல் வேறொன்றுக்கு மாற வேண்டி வரும்போது, புதிய சீட்டுக்காக மீண்டும் ஒரு சுற்று அலைவது இதனால் தவிர்க்கப்படும். கருவியின் விஷயத்தில் நேர்மாறாகச் செய்யுங்கள். தானியங்கி வகை வேண்டும், முழுத் தரவையும் பதியும் கருவி வேண்டும் என்று உங்களுக்கும் மருத்துவருக்கும் உடன்பாடு இருந்தால் அதைத் தெளிவாக எழுதச் செய்யுங்கள். சீட்டில் வெறும் “சிபாப்” என்று இருந்தால், வழங்குநர் தம்மிடம் இருப்பில் உள்ள மிக எளிய கருவியைத் தந்துவிடக்கூடும். தானியங்கிக் கருவியை ஒரே அழுத்தத்திலும் இயக்கலாம், மற்றதைத் தானியங்கியாக மாற்ற முடியாது.

வழங்குநரைத் தேர்ந்தெடுத்தல்

மருத்துவமனை ஒரு வழங்குநரின் பெயரைச் சொன்னால் அவரிடமே செல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படிக் கட்டாயமில்லை. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் உள்ள வழங்குநர்களின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, குறைந்தது இருவரிடமாவது பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளவரிடம் வாங்கினால் செலவு முழுவதும் உங்கள் மேல் விழலாம்.

பேசும்போது கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது மாஸ்க் மாற்றிக்கொள்ளும் வசதி. பல உற்பத்தியாளர்கள் 30 நாள்வரை மாற்றித் தரும் வாய்ப்பை வழங்குகின்றனர். ஆனால் வழங்குநர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. அடுத்தது, மாஸ்க்கை எப்படிப் பொருத்திப் பார்க்கிறார்கள் என்பது. நேராக உட்காரவைத்து முகத்தில் மாட்டிக் காட்டிவிட்டு அனுப்புகிறவரைவிட, படுக்கவைத்து, உங்கள் சிகிச்சை அழுத்தத்தில் கருவியை இயக்கி, பக்கவாட்டில் திரும்பச் செய்து கசிவைச் சோதிப்பவர் பல மடங்கு மேலானவர். படுக்கும்போது முகத்தின் சதை நகர்ந்து மாஸ்க்கின் பொருத்தம் மாறிவிடுகிறது. பழுது வந்தால் மாற்றுக் கருவி தருவார்களா, தொலைபேசியில் அழைத்தால் மாஸ்க்கைப் பற்றித் தெரிந்தவர் பேசுவாரா, தரவை உங்களுக்கும் மருத்துவருக்கும் தடையின்றிப் பகிர்வார்களா என்பனவற்றையும் கேளுங்கள்.

கருவி விற்பனைக்கா வாடகைக்கா என்பதை எழுத்தில் பெறுங்கள். காப்பீட்டின் வழியாக வரும் கருவி பல இடங்களில் முதலில் வாடகையாகவே பதிவாகிறது. அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 13 மாதம் தொடர்ந்து வாடகை செலுத்தப்பட்ட பின்னரே கருவி நோயாளிக்குச் சொந்தமாகிறது. மாத வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு, எத்தனை மாதம், ஆண்டு மாறும்போது உங்கள் பொறுப்புத் தொகை (காப்பீடு செலுத்தத் தொடங்குமுன் நீங்கள் செலுத்த வேண்டியது) மீண்டும் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படுமா, இடையில் காப்பீடு மாறினால் என்ன ஆகும் என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையை, அதே கருவியைக் காப்பீடு இல்லாமல் நேரடியாக வாங்கும் விலையோடு ஒப்பிடுங்கள். சில வேளைகளில் நேரடிக் கொள்முதலே மலிவாக முடியும், உங்கள் பயன்பாட்டைக் காப்பீட்டு நிறுவனம் கண்காணிப்பதும் இராது. வழங்குநர்கள் இந்தக் கணக்கைத் தாமாக முன்வந்து போட்டுக்காட்டுவது அரிது.

கருவி கைக்கு வரும்போது கையெழுத்திடும் தாளைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அதில் எழுதியுள்ள மாதிரிப் பெயர், தொடர் எண், துணைப்பொருள்களின் எண்ணிக்கை ஆகியவை பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். “காப்பீடு செலுத்தாவிட்டால் முழுத்தொகையையும் நானே செலுத்துகிறேன்” என்ற வாசகம் பெரும்பாலும் அதற்குள் இருக்கும். அது இருக்கிறது என்பதை அறிந்து கையெழுத்திடுவது ஒன்று. அறியாமல் இடுவது வேறு.

முதல் மூன்று மாதங்கள்

உடலுக்கும் காப்பீட்டுக்கும் முதல் மூன்று மாதங்களே தீர்மானிக்கும் காலம். கருவியை வீட்டில் வைத்திருப்பதற்காகக் காப்பீடு பணம் செலுத்துவதில்லை. நீங்கள் அதைப் பயன்படுத்துவதைத் தரவு மூலம் உறுதிசெய்துகொண்ட பிறகே பல திட்டங்கள் தொடர்ந்து செலுத்துகின்றன. மெடிகேர் விதி இதற்குப் பலரும் பின்பற்றும் முன்மாதிரியாக உள்ளது. முதல் மூன்று மாதங்களுக்குள் ஏதேனும் தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீத இரவுகளில், அதாவது 21 இரவுகளில், நாளொன்றுக்கு 4 மணி நேரமாவது கருவி இயங்கியிருக்க வேண்டும். 31-ஆம் நாளுக்கும் 91-ஆம் நாளுக்கும் இடையே மருத்துவரை நேரில் கண்டு, பலன் உள்ளது என்று பதிவு செய்ய வேண்டும். உங்கள் திட்டத்தின் விதி வேறாக இருக்கலாம்; எதுவாயினும் கருவி வந்த அன்றே அதைக் கேட்டறிந்து, மருத்துவரைச் சந்திக்கும் நாளையும் அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள். இரவு நேரத்தை நிறைவு செய்தும் சந்திப்பைத் தவறவிட்டதால் கருவியைத் திருப்பிக் கொடுக்க நேர்பவர்கள் உண்டு. உறக்க மருத்துவர்களின் நேரம் சில இடங்களில் மாதக்கணக்கில் நிரம்பியிருப்பதால், இரண்டாம் மாத இறுதியில் அழைத்துக் கேட்பது காலங்கடந்த செயலாகிவிடும்.

நான்கு மணி என்பது கணக்குக்கான எல்லையே தவிர, சிகிச்சைக்கான எல்லை ஆகாது. கனவு காணும் உறக்கக் கட்டம் பின்னிரவிலும் விடியலிலுமே மிகுதி. பலருக்கு மூச்சுத்தடை அந்தக் கட்டத்தில்தான் மோசமடைகிறது. அதிகாலை மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வைப்பவர், சிகிச்சை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை இழக்கிறார்.

பழகுவதற்குச் சில வழிகள் உண்டு. மாஸ்க் அணிந்தால் மூச்சு முட்டுவதுபோன்ற அச்சம் வந்தால், பகலில் அமர்ந்து படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ சிறிது நேரம் அணிந்து பழகுங்கள். முதலில் கருவியை இயக்காமல், பிறகு இயக்கி. தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்திலிருந்து படிப்படியாக ஏறும் அமைப்பு கருவியிலேயே உள்ளது. ஆனால் 4 சென்டிமீட்டரில் தொடங்கினால் சிலருக்குக் காற்றுப் போதாமல் திணறலாக இருக்கும். அவர்களுக்குத் தொடக்க அழுத்தத்தைச் சற்று உயர்த்துவதே தீர்வு. மூச்சை வெளிவிடும்போது அழுத்தம் தணியும் அமைப்பையும் முயன்று பார்க்கலாம்.

மூக்கு வறண்டால் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறித்தால் குறையுங்கள் அல்லது சூடேற்றும் குழாயைக் கேளுங்கள். காலையில் வாய் உலர்ந்திருந்தால் காற்று வாய் வழியே வெளியேறுகிறது என்று பொருள்; மூக்கடைப்புக்கு மருத்துவம் செய்துகொள்வதோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறுவதோ உதவும். கசிவு இருந்தால் வாரை மேலும் இறுக்கத் தோன்றும். பெரும்பாலும் அது நிலைமையை மோசமாக்கும். மெத்தைப்பகுதி காற்றில் உப்பித் தோலில் படியவேண்டும் என்பதால், வாரைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே இழுத்து மீண்டும் அமரச் செய்வதே சரியான முறை. மூக்கின் மேல் புண் வந்தால் அது அளவோ வகையோ பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம்; அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மாற்றிக் கேளுங்கள். சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் உள்ளது. இதயத்துடிப்புக் கருவி முதலான உள்பொருத்திகள் உங்களுக்கோ அருகில் உறங்குபவருக்கோ இருந்தால், காந்தமில்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

தரவைப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கருவி தரும் மிச்ச ஏ.எச்.ஐ., அதாவது சிகிச்சையின்போதும் எஞ்சும் நிகழ்வுகளின் எண், 5-க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. கசிவு மிகுந்தால் அந்த எண்ணையும் நம்ப முடியாது; ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டும் கசிவு மிகுதியானதாகக் குறிக்கப்படுகிறது. உற்பத்தியாளரின் கைபேசிச் செயலி சுருக்கத்தை மட்டுமே காட்டும். கருவியில் நினைவட்டை இருந்தால், ஆஸ்கார் என்ற இலவச மென்பொருள் வழியாக ஒவ்வொரு மூச்சையும் வரைபடமாகக் காணலாம். அதைப் பார்த்து அழுத்தத்தை நீங்களே மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் “எனக்குச் சரியாகவே இல்லை” என்று சொல்லும் நோயாளியைவிட, “விடியற்காலையில் மைய வகை நிகழ்வுகள் கூடுகின்றன, கசிவு குறைவாகவே உள்ளது” என்று வரைபடத்தோடு வருபவருக்கு மருத்துவரின் கவனம் விரைவில் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கிய பின் புதிதாக மைய வகை நிகழ்வுகள் தோன்றுவது சிலருக்கு நேர்வதே. பலருக்கு அது சில வாரங்களில் தானே அடங்கும், அடங்காவிட்டால் கருவியின் வகையை மாற்ற வேண்டியிருக்கும்.

காப்பீட்டோடு எழுத்தில் பேசுதல்

பாலிசியில் உறக்கச் சோதனை ஓர் இனமாகவும், கருவி மற்றோர் இனமாகவும், மாற்று உதிரிகள் மூன்றாவது இனமாகவும் இருக்கும். ஒன்றுக்கு உரிமை இருப்பதால் மற்றதற்கும் இருக்கும் என்று கொள்ளாதீர்கள். மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டும் செலுத்தும் திட்டங்கள், வீட்டில் பயன்படுத்தும் கருவியை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருப்பதுண்டு. ஆகவே வீட்டு மருத்துவக் கருவிகள், விலக்குகள் ஆகிய இரு பகுதிகளையும் சோதனைக்கு முன்னரே படியுங்கள். முன் அனுமதி தேவையா, அதைக் கேட்க வேண்டியவர் மருத்துவரா வழங்குநரா, அனுமதி எத்தனை நாள் செல்லும் என்பவை அடுத்த கேள்விகள்.

தொலைபேசியில் கிடைத்த உறுதிமொழிக்கு மதிப்புக் குறைவு. ஒவ்வொரு அழைப்புக்கும் நாள், நேரம், பேசியவரின் பெயர், அழைப்பின் பதிவு எண், சொன்ன செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே செய்தியை மின்னஞ்சல் வழியாக அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் அதில் சொல்லப்பட்ட காரணத்தை மட்டும் கூர்ந்து படியுங்கள். தாள் குறைவு, குறியீட்டுப் பிழை, முன் அனுமதி இன்மை, மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை, பயன்பாடு போதாது, பாலிசியில் இடமில்லை என ஒவ்வொரு காரணத்துக்கும் விடை வேறு. முதல் மூன்றும் பெரும்பாலும் மருத்துவரின் அலுவலகமோ வழங்குநரோ திருத்தி மீண்டும் அனுப்பினால் தீர்பவை. அவற்றுக்கு நீண்ட முறையீடு எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை என்றால், சோதனை அறிக்கை, எப்வொர்த் மதிப்பெண், துணைநோய்ச் சான்றுகள் ஆகியவற்றோடு மருத்துவரின் கடிதமும் தேவை. அந்தக் கடிதம் காப்பீட்டு நிறுவனத்தின் சொந்த விதியை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் நிலை எவ்வாறு நிறைவு செய்கிறது என்று காட்ட வேண்டும். பயன்பாடு போதாது என்றால், காரணத்தையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் காட்டுங்கள்: மாஸ்க் பொருந்தவில்லை, இந்த நாளில் மாற்றப்பட்டது, அதன் பின்னர் பயன்பாடு இவ்வாறு உயர்ந்தது என்று தரவோடு எழுதினால் கூடுதல் அவகாசம் கிடைக்க வாய்ப்புண்டு. முறையீட்டுக்கான கடைசி நாளைக் கடிதத்திலிருந்து எடுத்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். உள் முறையீடு தோற்றாலும், பல நாடுகளில் சுயேச்சையான மறுஆய்வு அமைப்போ குறைதீர்ப்பாளரோ இருப்பதால், முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள்.

உதிரிகள், தூய்மை, திரும்பப் பெறுதல்

மாஸ்க்கின் மெத்தை, வார், குழாய், நீர்க்கலம், வடிகட்டி ஆகியவற்றுக்குக் காப்பீடு கால அட்டவணை வைத்திருக்கும். அது நீங்கள் கேட்கக்கூடிய உச்ச அளவு. கட்டாயம் வாங்க வேண்டிய அளவாக அதைக் கொள்ளத் தேவையில்லை. சில வழங்குநர்கள் தாமாகவே மாதந்தோறும் பொருள் அனுப்பி உங்கள் பங்குக்கு ரசீது போடுவார்கள். தேவைப்பட்டபோது மட்டும் அனுப்புமாறு எழுத்தில் சொல்லிவிடுங்கள். வந்து குவிந்தவற்றைத் திருப்பி அனுப்புவது எளிதாக முடிவதில்லை.

மெத்தையை நாள்தோறும், குழாயையும் நீர்க்கலத்தையும் வாரந்தோறும், மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவினால் போதும். ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். ஓசோன் வாயுவால் தூய்மை செய்யும் பெட்டிகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அவ்வாயு நுரையீரலுக்கு எரிச்சலூட்டுவது, கருவிக்குள் உள்ள பொருள்களையும் பாதிக்கக்கூடியது.

தொடர் எண்ணை உற்பத்தியாளரிடம் உங்கள் பெயரில் பதிவு செய்வது முக்கியம். 2021 ஜூனில், ஒலியைத் தணிக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகள்களாகக் காற்றில் கலக்கக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் தன் மூச்சுக் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது. அவ்வகை அறிவிப்பு, பதிவு செய்யாதவரையும் பழைய கருவியை வேறொருவரிடம் வாங்கியவரையும் எளிதில் சென்றடையாது. அறிவிப்பு வந்தால் கருவியை உடனே நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கடுமையான நோயுள்ளவருக்குச் சிகிச்சையை நிறுத்துவதும் ஆபத்தே.

கருவியால் இயலாதபோது

உண்மையாக முயன்றும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. கீழ்த்தாடையை முன்னே நகர்த்தி வைக்கும் பல் கருவி, இலேசான மற்றும் நடுத்தர நிலைக்குப் பயன்படுகிறது. உறக்க மருத்துவத்தில் பயிற்சி பெற்ற பல் மருத்துவரே அதைச் செய்து பொருத்த வேண்டும். நாக்கின் நரம்பைத் தூண்டும் உள்பொருத்திக்கு 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. உடற்பருமனும் நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியாவும் சேர்ந்துள்ள பெரியவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைட் மருந்தை அதே நிர்வாகம் 2024 டிசம்பரில் ஏற்றது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் நோய் மிகுபவர்களுக்குப் பக்கவாட்டில் உறங்கப் பழக்கும் கருவிகளும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு, சிபாப் முயன்று தோற்றதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். முதல் மூன்று மாதத்தின் தரவையும் மாஸ்க் மாற்றிய பதிவுகளையும் பாதுகாத்து வைத்திருந்தால் அந்தச் சான்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.

பயணத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் கருவி உடன் வரட்டும். விமானத்தில் அதைக் கைச்சுமையாகவே எடுத்துச்செல்லுங்கள், நீர்க்கலத்தை வெறுமையாக்கி, பரிந்துரைச் சீட்டின் படியோடு. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கமருந்து நிபுணரிடம் ஆப்னியா இருப்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள்; மயக்கமும் வலிநிவாரணிகளும் மூச்சுப்பாதையை மேலும் தளர்த்துவதால், விழித்தெழும் அறையிலும் அன்றிரவும் கருவி தேவைப்படும்.

காப்பீட்டு நிறுவனத்தை மாற்றும் நிலை வந்தால், பழைய காப்பீடு முடிவதற்கு முன்பே மூலச் சோதனை அறிக்கை, நடப்புப் பரிந்துரைச் சீட்டு, அண்மைய 90 நாள் பயன்பாட்டுத் தரவு, கருவி யாருக்குச் சொந்தம் என்பதற்கான ஆவணம் ஆகிய நான்கையும் திரட்டிவிடுங்கள். புதிய நிறுவனம் இவற்றைத்தான் முதலில் கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன்பு சோதனை செய்த ஆய்வகம் மூடப்பட்டிருந்தாலோ பழைய பதிவுகளை அழித்திருந்தாலோ, கையில் படி இல்லாதவர் மீண்டும் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.